ஒமாஹாவிலிருந்து ராலின்ஸ்: ஒரே நாளில், ஆர்வியில்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஜூன் கடைசியில் 30 அடி நீள கிளாஸ் சி ஆர்வி (வேன் முகப்போடு, பின்னால் படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலிருந்து வயோமிங்கின் ராலின்ஸ் வரை இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில் ஒரே நாளில் போக வேண்டும். தூரம் 645 மைல். மேப் ஒன்பதேகால் மணி நேரம் என்கிறது. ஓட்டப்போவது நீங்கள் ஒருவர்தான். காலை 6 மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாமா? இதற்கு நேரான பதில், சேரலாம். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “வழியெல்லாம் சமவெளிதான், வளைவுகூடக் கிடையாது, அப்புறம் என்ன கஷ்டம்?” என்னைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி அதுதான். அதற்கான பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக ஆர்வி ஓட்டுகிறேன். முதல் மூன்று வருடம் வாடகை வண்டிகள், அதன்பின் சொந்தமாக ஒரு 29 அடி கிளாஸ் சி. நீங்கள் சொல்லும் இதே பாதையில் ஐந்து முறை போயிருக்கிறேன். டீசலில் ஓடும் பெரிய பஸ் மாதிரி கிளாஸ் ஏ வண்டிகளை ஓட்டியதில்லை, டிரெய்லரை இழுத்ததும் இல்லை. அப்படி வருபவர்கள் இங்கே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மெக்கானிக்கும் அல்ல.

நேரக் கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். மேப் சொல்லும் ஒன்பதேகால் மணி, காருக்கானது. நெப்ராஸ்காவில் இந்தச் சாலையின் வேக வரம்பு மணிக்கு 75 மைல், வயோமிங்கில் சில இடங்களில் 80. கார்கள் அந்த வேகத்தில் போகும். நீங்கள் போகப்போவது 62, 65. அதற்கு மேல் போனால் பெட்ரோலும் எகிறும், பிரேக் போட்டால் வண்டி நிற்க ஆகும் தூரமும் எகிறும். சராசரியாக 62 என்று வைத்தால் ஓட்டும் நேரம் மட்டும் ஏறக்குறைய பத்தரை மணி. இரண்டு மூன்று முறை பெட்ரோல், மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்காக நிறுத்தும் நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்தால் குறைந்தது இரண்டேமுக்கால் மணி. ஆர்வியை நிறுத்தி எடுப்பது காரை நிறுத்தி எடுப்பது போல ஐந்து நிமிட வேலை இல்லை. இடம் தேடி, வளைத்து, இறங்கி, எல்லோரும் ஏறி, உள்ளே அலமாரிக் கதவெல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி சாலையைப் பிடிக்க அரை மணி ஆகிவிடும். மொத்தம் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல்.

காலை 6 மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குச் சேர்வீர்கள் என்று கணக்கு வரும். ஆனால் நார்த் பிளாட் தாண்டி ஓகலாலா போவதற்குள் நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போய்விடும். ராலின்ஸில் அப்போது மணி ஆறுதான் ஆகியிருக்கும். ஜூன் கடைசியில் அங்கே எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். ஆக, இருட்டு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அந்த இலவச ஒரு மணி நேரம்தான் பலரை ஏமாற்றுகிறது. போனில் மணி மூன்று என்று காட்டும், ‘இன்னும் நிறைய நேரம் இருக்கிறதே’ என்று தோன்றும். உடம்புக்கு அது நான்கு மணி. உடம்பு ஒமாஹா நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது இதே கணக்கில், நீங்கள் எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்று பாருங்கள். லாரமி, ஒமாஹாவிலிருந்து சுமார் 545 மைல். அங்கே நீங்கள் வந்து சேரும்போது உள்ளூர் நேரம் மாலை நான்கேகால். பதினோரு மணி நேரமாகச் சாலையில் இருக்கிறீர்கள். இனிமேல் லாரமியிலிருந்து ராலின்ஸ் வரையுள்ள நூறு மைல் பாக்கி. இந்தப் பயணத்திலேயே காற்று மோசமான பகுதி அதுதான், நாளிலேயே காற்று மோசமான நேரமும் பெரும்பாலும் அதுதான். உங்கள் திட்டத்தில் நான் காணும் குறை இது ஒன்றுதான். தூரத்தைவிட, கடினமான நூறு மைலைக் களைத்துப்போன நேரத்தில் கொண்டுபோய் வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அங்கே ஏன் அவ்வளவு காற்று என்றால், ராக்கி மலைத்தொடர் தெற்கு வயோமிங்கில் தாழ்ந்து ஒரு இடைவெளி விடுகிறது. மேற்கிலிருந்து வரும் காற்று முழுக்க அந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு புகுகிறது. ரயில் பாதையும், பழைய யு.எஸ். 30 நெடுஞ்சாலையும், பின்னால் வந்த இன்டர்ஸ்டேட்டும் அதே வாசலைத்தான் பிடித்தன. கோடையில் வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, மேலே வேகமாகப் போகும் காற்று கீழே இறங்கிக் கலக்கும். அதனால்தான் பிற்பகலில் வீச்சு கூடும், பொழுது சாய்ந்து நிலம் குளிர்ந்தால் அடங்கும். விடியற்காலையில் அதே இடம் சாதுவாக இருக்கும். குளிர்காலத்துக்கு இந்த விதி பொருந்தாது. அப்போது ராத்திரி பகல் பார்க்காமல் அடிக்கும்.

காற்று ஆர்வியை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வண்டியின் பக்கவாட்டுச் சுவர் ஏறக்குறைய 30 அடி நீளம், 10 அடி உயரம், அதாவது 300 சதுர அடி. பக்கவாட்டில் மணிக்கு 25 மைல் காற்று அடித்தால் அதன்மேல் விழும் விசை தோராயமாக 500 பவுண்டு. 50 மைல் காற்றென்றால் இரண்டு மடங்கு என்று தோன்றும். ஆனால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 2,000 பவுண்டு. காற்று ஒரே சீராகத் தள்ளினால்கூடச் சமாளிக்கலாம், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே போகலாம். அது விட்டு விட்டு அடிக்கும். ஒரு மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது சட்டென்று நிற்கும், நீங்கள் எதிர்ப்பக்கம் பிடித்திருந்ததால் வண்டி அந்தப் பக்கம் பாயும், வெளியே வந்ததும் மறுபடி அறையும். பெரிய லாரி உங்களைக் கடக்கும்போதும் இதே கதை: முதலில் வெளியே தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். இந்தத் தள்ளு இழுவுக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் கை பழகிவிடும். பதினோராவது மணியில் பழகுவதற்குக் கையில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

இதை நான் யாரிடமோ கேட்டுச் சொல்லவில்லை. முதல் முறை நானும் உங்களைப் போலத்தான் திட்டம் போட்டேன், கியர்னியில் சாலைக்குக் குறுக்கே வளைவு போல நிற்கும் அந்த அருங்காட்சியகத்துக்கு அடியில் எட்டரை மணிக்கே போய்விட்டோம் என்று பெருமை வேறு. சாயங்காலம் லாரமிக்கு அப்பால் ஆர்லிங்டன் என்ற சிற்றூரைத் தாண்டி, எல்க் மலை இடதுபக்கம் தெரிந்துகொண்டிருந்தபோது வலதுபக்கக் கண்ணாடியில் ஏதோ வெள்ளையாகப் படபடத்தது. முதலில் கேரி பேக் பறக்கிறது என்றுதான் நினைத்தேன். பார்த்தால், வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் நிழல்துணி, ஆனிங் என்பார்களே, அது ஒரு முனையில் பிரிந்து பாய்மரம் போல உப்பிக்கொண்டிருந்தது. சாலை ஓரமாக ஒதுக்கி நிறுத்துவதற்குள் குழாய் வளைந்துவிட்டது. மனைவியும் நானும் அதை இழுத்துப் பிடித்துக் கயிறு போட்டுக் கட்ட முக்கால் மணி நேரம். நாங்கள் நின்ற ஒவ்வொரு நிமிடமும் லாரிகள் பத்தடி தூரத்தில் எண்பதில் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்குள் வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், மூடியைத் திருக விரல் வரவில்லை. நாள் முழுக்க ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் அப்படியே மடங்கி நின்றுவிட்டன. என் பெண்தான் திறந்து கொடுத்தாள், அப்போது அவளுக்கு ஏழு வயது.

கிளம்பும் முன் ஆனிங்கின் இரண்டு கைகளையும் பட்டையால் சுற்றிக் கட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை. வாடகைக்கு விடுபவர் ‘லாக் இருக்கிறது, தேவையில்லை’ என்பார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

இனி நீங்கள் கேட்ட “சமவெளிதானே” விஷயம். கண்ணுக்குச் சமவெளி, அவ்வளவுதான். ஒமாஹா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரம், ஷையன் 6,000 அடிக்குச் சற்று மேல். 500 மைலில் 5,000 அடி ஏறுகிறீர்கள், ஏறுவதே தெரியாது. ஷையனுக்கும் லாரமிக்கும் நடுவில் ஷெர்மன் உச்சி, 8,640 அடி, கிழக்குக் கரை முதல் மேற்குக் கரை வரை போகும் இன்டர்ஸ்டேட் 80-இலேயே உயரமான இடம். அங்குள்ள ஓய்விடத்தில் ஆபிரகாம் லிங்கனின் பெரிய தலைச் சிலை ஒன்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும் என்பது கணக்கு, ஆக உச்சியில் உங்கள் எஞ்சினின் கால் பங்கு காணாமல் போயிருக்கும். வண்டி சத்தம் போடும், பயப்பட வேண்டாம், வலது பாதையிலேயே மெதுவாக ஏறுங்கள். உச்சியிலிருந்து லாரமிக்கு இறங்கும் பள்ளத்தாக்கில்தான் கவனம் தேவை. இறங்க ஆரம்பிக்கும் முன்னரே டோ-ஹால் பொத்தானைப் போட்டுவிடுங்கள், கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் அது சூடாகி வலுவிழக்கும்.

பெட்ரோலை அதிகம் குடிப்பது இந்த ஏற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் 5,000 அடி ஏறுவதற்குச் செலவாவது மூன்று நான்கு கேலன்தான். குடிப்பது எதிர்க்காற்று. நீங்கள் 65-இல் போகும்போது எதிரே 25 மைல் காற்று அடித்தால் வண்டிக்கு அது 90-இல் போவது போல. காற்றின் தடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். என் வண்டி சாதாரணமாகக் கேலனுக்கு ஒன்பது மைல் தரும், மேற்கு நோக்கிப் போன ஒரு மோசமான நாளில் ஆறரைக்கு இறங்கியது. அதனால் ‘55 கேலன் டேங்க், 450 மைல் போகும்’ என்று காகிதத்தில் கணக்குப் போடாதீர்கள். பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள். ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கும், கால் டேங்குக்குக் கீழே போனால் அது நின்றுவிடும். ராத்திரியில் ஏசி வேண்டும் என்கிறபோது தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓர டிரக் ஸ்டாப்புகளில் ஆர்விக்கென்று தனி வரிசை இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். சாதாரண பங்க்கில் கூரை உயரத்தைப் பாருங்கள், கிளம்பும்போது ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எதிர்ப்பக்கம் வீசும், பம்ப் பக்கத்துக் கம்பத்தில் அது போய் மோதுவதுதான் வாடகை வண்டிகளில் வழக்கமாக நடப்பது.

காற்றுக்கு அடுத்தது சலிப்பு. லிங்கன் நகரத்துக்கும் கிராண்ட் ஐலண்டுக்கும் இடையே ஏறக்குறைய 70 மைல் சாலை கோடு போட்டது போல நேராகப் போகும். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது மூளை தன் பாட்டுக்கு விளக்கை அணைத்துக்கொள்ளும். 65 மைல் வேகத்தில் வண்டி நொடிக்கு 95 அடி போகிறது. நான்கு நொடி கண் சொக்கினால் 380 அடி, ஒரு கால்பந்து மைதானத்தைவிட நீளம். தொழில்முறை லாரி ஓட்டுநருக்கே அமெரிக்கச் சட்டம் பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரம்தான் ஓட்ட அனுமதிக்கிறது, எட்டு மணி ஓட்டினால் அரை மணி இடைவெளி கட்டாயம். தினமும் அதே வேலை செய்பவருக்கு அந்த வரம்பு. வருடத்துக்கு ஒரு முறை ஓட்டும் உங்களுக்கும் எனக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் உங்கள் திட்டப்படி அந்த வரம்பை ஏறக்குறைய தொட்டுவிடுகிறீர்கள். நான் எனக்குப் போட்டுக்கொண்ட வரம்பு, ஓட்டும் நேரம் எட்டு மணி. இரண்டு மணிக்கு ஒரு முறை நிறுத்திக் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி நடப்பேன். மதியம் தூக்கம் வந்தால் ஒரு காப்பி குடித்துவிட்டு உடனே படுத்து இருபது நிமிடம் தூங்குவேன். காப்பி வேலை செய்ய அரை மணி ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். பாட்டைச் சத்தமாக வைப்பது, ஜன்னலைத் திறப்பது இதெல்லாம் சில நிமிடம்தான் தாங்கும். பின்னாலேயே படுக்கை இருக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு தூக்கத்தோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமே இல்லை.

சரி, நானாக இருந்தால் என்ன செய்வேன்? காலை 6 மணிக்கே கிளம்புவேன், அதில் மாற்றமில்லை. நெப்ராஸ்காவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் சிட்னி என்ற ஊர் 393 மைல். அங்கே உள்ளூர் நேரம் ஒன்றரைக்குள் போய்விடலாம். உடம்பு சரி, வானமும் சரி என்றால் இன்னும் நூறு மைல் போய் மூன்றேகால் வாக்கில் ஷையனில் நிறுத்துவேன். இல்லையென்றால் சிட்னியிலேயே நின்றுவிடுவேன். ஜூன் மாதப் பிற்பகல்களில் நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்திலும் ஷையன் பக்கமும் இடியோடு ஆலங்கட்டி மழை கட்டும், அமெரிக்காவிலேயே ஆலங்கட்டி அதிகம் விழும் வட்டாரங்களில் அது ஒன்று. ஆர்வியின் கூரையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகள் அதற்குத் தாங்காது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷையனை விட்டால் 150 மைல்தான், ஒன்பது மணி வாக்கில் ராலின்ஸ். நீங்கள் பயந்து பயந்து கடக்க வேண்டிய அந்த நூறு மைலை இளவெயிலில், புல்வெளியில் நிற்கும் பிராங்ஹார்ன் மான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே கடந்துவிடலாம். முதல் நாள் இரவே ராலின்ஸில் இருந்தாக வேண்டிய கட்டாயம் ஏதாவது இருந்தால் ஒழிய, இதில் நீங்கள் இழப்பது ஒரு காலைப்பொழுதுதான்.

இரண்டு நாளும் கிளம்பும் முன் சாலை நிலவரம் சொல்லும் வயோமிங் போக்குவரத்துத் துறையின் 511 சேவையைப் பாருங்கள். பலத்த காற்றின்போது ‘எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்குத் தடை’ என்று போடுவார்கள். உங்கள் வண்டியும் அந்த வகைதான் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடுங்கள். லாரமியிலிருந்து ராக் ரிவர், மெடிசின் போ வழியாகப் போகும் பழைய யு.எஸ். 30 சுமார் 20 மைல் கூடுதல், ஆனால் எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டிப் போகாது. 1970-இல் இன்டர்ஸ்டேட்டை மலையை ஒட்டிப் போட்டபோது உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஒரு முறை அந்தப் பழைய சாலையில் போனேன், காற்று குறைவாகத்தான் பட்டது. ஒரே ஒரு நாள் அனுபவத்தை வைத்து அது எப்போதும் அமைதியான வழி என்று சத்தியம் செய்ய மாட்டேன். இன்டர்ஸ்டேட்டை மூடியிருந்தால் அந்த வழியும் மூடியிருக்கலாம்.

டயர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில், வண்டி நகரும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி எண் இருக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம், உள்பக்கத்து டயரை யாரும் பார்ப்பதில்லை, அதனால் அதைக் கட்டாயம் பாருங்கள். நடுவழியில் சூடாக இருக்கும்போது அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அது இயல்பு, அப்போது காற்றை இறக்கிவிடக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) தேயாமல் நன்றாக இருந்தாலும் ஏழெட்டு வருடப் பழைய டயரென்றால் நான் வேறு வண்டி கேட்பேன்.

ஒரு விஷயத்தில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி: ஓடும்போது பிரிட்ஜைக் கேஸில் ஓடவிடலாமா என்பது. பலர் விடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. நான் சிலிண்டரையே மூடிவிடுவேன். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் பிரிட்ஜ் பல மணி நேரம் குளிர்ச்சியாகவே இருக்கும். பெட்ரோல் போடும்போது மட்டும் கட்சி கிடையாது, கேஸ் அணைந்திருக்க வேண்டும். தண்ணீர் டேங்கையும் நிரப்பிக்கொண்டு போக வேண்டாம், 40 கேலன் 330 பவுண்டுக்கு மேல் எடை. வழிக்கு மூன்றில் ஒரு பங்கு போதும், மீதியை முகாமில் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பெல்ட் உள்ள இருக்கையில்தான் உட்கார வேண்டும். ஓடும் வண்டியில் எழுந்து பாத்ரூம் போவது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஷையனிலோ சிட்னியிலோ முகாமில் இடம் பதிவு செய்யும்போது ‘புல்-த்ரூ’ இடம் என்று கேட்டு வாங்குங்கள், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் மாதிரி இருக்கும். எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, பழகாத 30 அடி வண்டியை முதல் நாளே பின்னோக்கி எடுக்க வேண்டியிருக்காது.